பொட்டு வைத்த விமானம்

“…பொட்டு வெச்சா வண்டி மேல ஏறாதுன்னு எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்குதுங்க? நாப்பது லாரிக்கும் வருசா வருசம் இந்தக் கட்டவெரல்லதான் பொட்டு வெக்கறேன். ஒண்ணாவது ஓடாம நின்னு போயிருக்குதுங்களா?”

கேட்டவர் எங்கள் கரஸ். கரஸ்பாண்டன்ட் என்பதைச் சுருக்கி எங்கள் பக்கத்துக் காலேஜ் பிள்ளைகள் தாளாளரை அப்படித்தான் சொல்லுவோம். கேட்கப்பட்டவர் சென்னையிலிருந்து இன்ஸ்பெக்ஷனுக்கு வந்திருந்த அதிகாரி அம்மா. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு குட்டி விமானம் நின்றது. அதைச் சுற்றி, கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டு, கடைசி வருஷப் பிள்ளைகள் நாங்கள் நின்றோம். அந்த அம்மா சொல்லப்போகிற பதிலில் எங்கள் படிப்பு மொத்தமும் தொங்கிக்கொண்டிருந்தது. கரஸுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் அவர் இதையேதான் கேட்டிருப்பார். மனுஷனுடைய வார்ப்பு அப்படி.

பொட்டு எப்படி அங்கே போய் உட்கார்ந்தது என்று சொல்லிவிட்டுத்தான் பதிலுக்கு வர முடியும்.

ஓமலூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சோளக்காட்டுக்கு நடுவில் இருந்தது எங்கள் பள்ளி. விமானத்தைப் பராமரிக்கிற என்ஜினியர் ஆவதற்கான பள்ளி. ‘விமான நிலையத்துக்கு மிக அருகில்’ என்று பெரிய ஃபிளெக்ஸ் பேனர் ரோட்டோரத்தில் நிற்கும். அது பொய்யில்லை. மொட்டை மாடிக்குப் போய் எக்கிப் பார்த்தால் விமான நிலையத்தின் காம்பவுண்டுச் சுவர் தெரியும். அந்தச் சுவரைக் காட்டினதோடு சரி. உள்ளே கூட்டிப் போகச் சொல்லிக் கேட்டால், “அங்க என்ன கண்ணு இருக்குது, நம்மகிட்ட இல்லாதது?” என்பார் கரஸ். எங்களிடம் இருந்தது ஒரு ஷெட், ஒரு விமானம், கேன்டீனில் ஒரு பஜ்ஜிக் கடாய். அந்த மூன்றில் ஒழுங்காக வேலை செய்தது கடாய்.

கரஸ் சங்ககிரியில் லாரியில் ஆரம்பித்தவர். லாரிக்கு அப்புறம் போர் போடுகிற ரிக் வண்டி, அதற்கப்புறம் கோழித் தீவனம், அப்புறம் ஒரு நர்சிங் ஸ்கூல். ஏதோ ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், விமானம் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு நாட்டில் ஆள் பற்றவில்லை என்றாராம். எழுந்து போய்க் கை கழுவுவதற்குள் இந்தப் பள்ளியைத் தொடங்குவதென்று முடிவு செய்துவிட்டதாக மேடைக்கு மேடை பெருமையாகச் சொல்லுவார். கை கழுவ ஆகிற நேரத்துக்கு மேல் அவர் இந்தத் தொழிலைப் பற்றி யோசித்ததில்லை என்று அதற்கு அர்த்தம். கைதட்டுகிறவர்களுக்கு அது உறைக்காது.

நான் சேரப் போன அன்று என் அப்பாவிடம் அவர் சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. “லாரிக்கு ரெக்கை வெச்சா ஏரோப்பிளேன். ஏரோப்பிளேனுக்கு ரெக்கையக் கழட்டுனா லாரி. உங்க பையன் லாரிக்காரன் ஊட்டுப் பையன். பாதி படிப்பு பொறப்புலயே முடிஞ்சு போச்சுங்க.”

அப்பா லாரி டிரைவர். சங்ககிரியிலிருந்து லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்பி வர நாளாகும். அவர் அந்தப் பேச்சுக்குச் சிரிக்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது என்னிடம் சொன்னார்: “நான் பிரேக் புடிக்கலீன்னா ஓரங்கட்டி எறங்கிப் பாப்பேன். மேல போறவன் எங்கடா எறங்குவான்?” அவ்வளவுதான் சொன்னார். பின்னால் எத்தனையோ பேர் எத்தனையோ வகுப்பில் படம் போட்டு விளக்கினதை அப்பா பீடி பற்றவைக்கிற நேரத்தில் சொல்லி முடித்துவிட்டார். மனுஷர் வாயிலிருந்து விழுகிற இந்த மாதிரி ஒற்றை வரிகளுக்கு நான் அடிமை. கரஸ் வாயிலிருந்தும் நிறைய விழும். அவற்றைப் பொறுக்கி வைத்திருப்பது வேறு காரணத்துக்கு.

இந்தப் படிப்பைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பள்ளி கொடுக்கிற சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு விமானத்துக்குக் கையெழுத்துப் போட முடியாது. அரசாங்கம் தனியாகப் பரீட்சை வைக்கும். பாடத்துக்கு ஒன்றாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுதித் தேற வேண்டும். அப்புறம் விமானங்களை நிறுத்திப் பழுது பார்க்கிற உண்மையான ஹேங்கரில், உண்மையாகப் பறக்கிற விமானத்தில், லைசென்ஸ் உள்ளவர் கண் முன்னால் வேலை செய்ய வேண்டும். அதெல்லாம் முடிந்தால்தான் லைசென்ஸ். இதில் ஒரு சலுகை உண்டு. அரசாங்க அங்கீகாரம் உள்ள பள்ளியில் படித்து முடித்தவனுக்கு ஹேங்கர் வேலை ரெண்டு வருஷம் இருந்தால் போதும். அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தவன் அதைப்போல ரெண்டு பங்குக்கும் மேலே உழைக்க வேண்டும். அவனைப் பழகுவதற்குச் சேர்த்துக்கொள்கிற கம்பெனியும் குறைவு. ஆக, எங்கள் பள்ளிக்கு இருந்த அந்த ஒரு அங்கீகாரத்துக்காகத்தான் நாங்கள் கரஸைச் சகித்துக்கொண்டோம். எங்கள் செட்டு முடிகிற வருஷத்தில்தான் அதைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. புதுப்பிக்காவிட்டால் நாங்கள் அங்கே உட்கார்ந்து எழுந்த காலமெல்லாம் கேன்டீனில் பஜ்ஜி தின்ற கணக்கு.

யூனிஃபார்ம் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். விமானத்துக்கு அடியில் படுத்து ஆயில் துடைக்கப் போகிறவனுக்குக் கரஸ் தைத்துக் கொடுத்தது பளீர் வெள்ளைச் சட்டை, தோளில் தங்கப் பட்டை, கறுப்பு டை. பார்க்கிறவன் பைலட் என்று நினைக்க வேண்டும். நினைத்துத் தன் பிள்ளையையும் கொண்டு வந்து சேர்க்க வேண்டும். நாங்கள் நடமாடும் ஃபிளெக்ஸ் பேனர்கள். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் எங்களைப் பார்த்து, “ஏனுங்க பைலட்டு, சில்ற இருந்தா குடுங்க, இல்லீன்னா பறந்தே போயிருங்க” என்பார். பஸ் முழுக்கச் சிரிக்கும். நியாயமான சிரிப்புதான்.

எங்களுக்குச் சீஃப் இன்ஸ்ட்ரக்டர் ஒருவர் இருந்தார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், ராணுவ விமானங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாடம் நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர்மேல் எனக்குக் கரஸ்மேல் இருப்பதைவிட அதிக இளக்காரம். எங்கள் முன்னால் நிற்கும்போது இரும்புக் கம்பி. கரஸ் வந்து நின்றால் சைக்கிள் டியூப். “ரூல்னா ரூல்தான், அதுல என்னய்யா பேச்சு” என்று எங்களை அதட்டிய அதே வாய், கரஸின் கார் சத்தம் கேட்டதும் “வாங்க சார், வாங்க சார்” என்று வாசலுக்கு ஓடும்.

அவர்தான் எங்களுக்குப் பொட்டு விழுந்த அந்த ஓட்டையைப் பற்றிப் பாடம் நடத்தினார். விமானத்தின் இடது விலாவில், கதவுக்கு முன்னால், பழைய எட்டணா அளவுக்கு ஒரு உலோக வட்டம் இருக்கும். அதன் நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. வெளிக்காற்றின் அழுத்தம் அந்த ஓட்டை வழியாகத்தான் மெல்லிய குழாயில் போய், பைலட் முன்னால் இருக்கிற உயரம் காட்டும் மீட்டரைத் தொடும். எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று பைலட்டுக்குத் தெரிவது அந்தத் துளி ஓட்டையால். அதற்கு ஸ்டேட்டிக் போர்ட் என்று பெயர். அதைச் சுற்றிச் சிவப்புப் பெயின்டில் வளையம் போட்டு, இதை அடைக்காதே என்று இங்கிலீஷில் எழுதியும் வைத்திருப்பார்கள்.

“ஒருவேளை இது அடைச்சிக்கிட்டா என்னய்யா பண்ணுவ?” என்று இன்ஸ்ட்ரக்டர் கேட்டார்.

“ஊசி விட்டுக் குத்துவோம் சார்” என்றான் ஒருவன்.

“நீ குத்துனா, ஓட்டையோட ஓரம் பிசிறு தட்டிடும். பிசிறு தட்டினா காத்து சுழிச்சுப் போகும். மீட்டர் காட்டுறது பொய். அழுக்கையும் உள்ள தள்ளி உட்டுடுவ. வெளியிலிருந்து ஊசி, குச்சி, காத்து எதையும் விடக்கூடாது. உள்பக்கமாப் போயி குழாயக் கழட்டி, உள்ளேயிருந்து வெளிய தள்ளணும். அப்புறம் மாட்டி, லீக் இருக்கான்னு டெஸ்ட் பண்ணி, எழுதிக் கையெழுத்துப் போடணும். குத்தினேன்னு தெரிஞ்சா அந்தப் பிளேட்டையே கழட்டித் தூக்கிப் போட்டுருவாங்க. உன்னையும் சேர்த்து.”

எங்கள் செட்டில் நாமக்கல்லிலிருந்து ஒரு பெண் படித்தாள். வீட்டில் கோழிப்பண்ணை. எல்லாரும் நாமக்கல்லு என்றே கூப்பிடுவோம். அவள் பக்கத்தில் இருந்த என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: “எங்க பண்ணையில கோழி தண்ணி குடிக்கிற நிப்பிள் அடைச்சுக்கிட்டாலும் இதேதான். முன்னால குத்துனா ஒழுக ஆரம்பிச்சிரும். லைனக் கழட்டித்தான் அலசோணும். கோழிக்கே இவ்வளவு மருவாதி.”

லீக் இருக்கிறதா என்று பார்க்கிற சோதனையையும் இன்ஸ்ட்ரக்டர் செய்து காட்டினார். ஒரு பெட்டியிலிருந்து குழாயைக் கொண்டுவந்து ஓட்டைமேல் பொருத்தி, காற்றை மெதுவாக உறிஞ்ச வேண்டும். உள்ளே இருக்கிற மீட்டர், ‘அட, நாம் மேலே போகிறோம்’ என்று நினைத்துக்கொள்ளும். முள் சுற்ற ஆரம்பிக்கும். ஓமலூர்ச் சோளக்காட்டுக்கு நடுவில் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிற்கிற விமானம் மேகத்துக்கு மேலே போய்விட்டதாக முள் காட்டும்போது உடம்பு சிலிர்க்கும். அந்தப் பள்ளியில் எனக்குக் கிடைத்த ஒரே பறத்தல் அதுதான். அதற்காகவே நான் அந்தத் தொழிலில் ஒட்டிக்கொண்டேன்.

இனி ஆயுத பூஜை.

எங்கள் பக்கத்தில் லாரிக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய நாள் கிடையாது. முந்தின நாளே வண்டியைக் கழுவி, முகப்பில் மூன்று பட்டை திருநீறு போட்டு, ஹெட்லைட், கண்ணாடி, டீசல் டேங்க் மூடி என்று உருண்டையாக இருக்கிற ஒன்றுவிடாமல் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைப்பார்கள். இரண்டு பக்கமும் வாழைக்கன்று. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். எங்கள் அப்பாவும் வைப்பார். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. லாரிக்கு முகம் உண்டு, வைக்கட்டும். ஆனால் கரஸ் அன்றைக்குப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, போட்டோக்காரர் ஒருவரையும், மேலே பறந்து படம் பிடிக்கிற டிரோன்காரர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் வந்தார். அவர் கண் நேராக விமானத்தின்மேல் போனது.

ரெக்கையைத் தாங்குகிற கம்பியில் வாழைக்கன்றைக் கட்டச் சொன்னார். புரொப்பெல்லருக்குச் செவ்வந்தி மாலை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கும்போது ஒரு சிக்கல் வந்தது. பழம் நாலு இருந்தது, விமானத்துக்குச் சக்கரம் மூன்று.

“நாலாவது எங்க வெக்கறதுங்க?” என்று கேட்டார் பூஜைத் தட்டைத் தூக்கி வந்த ஆபீஸ் கிளார்க்.

கரஸ் விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “மூணு வெச்சா குறையாயிரும். வாலுக்கு நேரா கீழ வையி. சாமிக்குத் தெரியும் நமக்குச் சக்கரம் பத்தலீன்னு.”

வால் அந்தப் பழத்திலிருந்து இடுப்பு உயரத்துக்கு மேலே இருந்தது. நாங்கள் விமானத்தைத் தள்ளினோம். மூன்று பழம் நசுங்கியது. நாலாவதைக் கரஸே செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்து நசுக்கினார். போட்டோக்காரர் அதையும் எடுத்தார்.

அப்புறம் பொட்டு. சந்தனக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு கூடவே போனவர் வேறு யார், எங்கள் சீஃப் இன்ஸ்ட்ரக்டர்தான். கரஸ் மூக்கில் ஒன்று, சக்கரத்து மூடியில் ஒன்று, விளக்கில் ஒன்று என்று வைத்துக்கொண்டே வந்தார். இடது விலாவுக்கு வந்ததும் நின்றார். பளபளவென்று உருண்டையாக ஓர் உலோக வட்டம். அதைச் சுற்றிச் சிவப்பு வளையம். பொட்டு வைக்க யாரோ கோலம் போட்டு வைத்த மாதிரி. மனுஷர் முகம் மலர்ந்துவிட்டது. கட்டை விரலைக் கிண்ணத்தில் முக்கினார்.

“சார், அதுல வெக்காதீங்க சார். அது ஸ்டேட்டிக் போர்ட்டுங்க” என்றாள் நாமக்கல்லு.

கரஸ் திரும்பினார். கோபப்படவில்லை, சிரித்தார். “போர்ட்டா? எந்தப் போர்ட்டு சாமி? தூத்துக்குடியா, சென்னையா? நம்ம லாரி போவாத போர்ட்டு ஏதாச்சும் இருக்குதா?”

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நாமக்கல்லு இன்ஸ்ட்ரக்டரைப் பார்த்தாள். நாங்கள் எல்லாருமே அவரைத்தான் பார்த்தோம். அவருடைய கண் கிண்ணத்துக்குள் இருந்தது.

“நீங்களாச்சும் சொல்லுங்க சார்” என்றாள்.

“அப்புறம் தொடச்சிக்கலாம், விடும்மா” என்றார் இன்ஸ்ட்ரக்டர், உதடு அசையாமல்.

கரஸுக்கு அது கேட்டுவிட்டது. “ஏனுங்க சார், சாமிக்கு வெச்சதத் தொடைக்கறதா?”

“இல்லீங்க சார், சும்மா சொன்னேன்.”

கரஸ் கட்டை விரலை அந்த வட்டத்தில் வைத்து அழுத்தி, ஒரு திருகுத் திருகி எடுத்தார். ஹெட்லைட்டுக்கு வைக்கிற அழுத்தம். சந்தனம் ஓட்டைக்குள் போய் உட்கார்ந்தது. அதன்மேல் குங்குமம். ரத்தம் கட்டின கண் மாதிரி அது எங்களைப் பார்த்தது. அந்தப் படத்தைத்தான் கரஸ் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார். கைகூப்பின பொம்மைகளும் பூங்கொத்துகளுமாகப் பாராட்டு குவிந்தது என்று கிளார்க் சொன்னார்.

பூஜை முடிந்ததும் கரஸ் ஓர் உத்தரவு போட்டார். இன்ஸ்பெக்ஷன் வருகிற வரைக்கும் விமானத்தை யாரும் தொடக் கூடாது. “படிக்கிற பசங்க தொட்டுத் தொட்டுத்தான் வண்டி பழசாப் போச்சு” என்றார். லாரித் தார்ப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து மூக்கிலிருந்து வால் வரைக்கும் போர்த்திக் கயிறு கட்டிவிட்டார்கள். விமானத்தைத் தொடாமல் விமானத் தொழில் படிக்கிற பள்ளி வேறு எங்காவது உண்டா என்று எனக்குத் தெரியாது. நாங்கள் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டே படித்தோம். ஹியூமன் ஃபேக்டர்ஸ் என்று ஒரு பாடம் உண்டு. தொழிலில் மனுஷன் எப்படியெல்லாம் தப்பு செய்வான் என்பதற்கான பாடம். தனக்குத் தெரியும் என்ற மிதப்பில் ஒரு தப்பு, மேலே இருக்கிறவனுக்குப் பயந்து ஒரு தப்பு, தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்து ஒரு தப்பு. வகுப்பில் இன்ஸ்ட்ரக்டர் அதை நடத்திக்கொண்டிருந்தபோது வெளியே தார்ப்பாய் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து மேலே நடத்தினார்.

நாமக்கல்லு விடவில்லை. ரெண்டு முறை அவரிடம் போய்க் கேட்டாள். நானும் கூடப் போனேன். “சார், சந்தனம் காஞ்சா கல்லு மாதிரி ஆயிரும். ஒரு தடவை லைனக் கழட்டிச் சுத்தம் பண்ணி டெஸ்ட் பண்ணிரலாம் சார்.”

“விமானத்துச் சாவிய கரஸ் தரணும்மா.”

“கேளுங்க சார்.”

“கேட்கிறேன், கேட்கிறேன்.”

அவர் கேட்கவில்லை. இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் தார்ப்பாயை எடுத்தபோது, கரஸ் இல்லாத நேரம் பார்த்து, பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். எச்சில் தொட்டு அந்த வட்டத்தைத் துடைத்தார். குங்குமம் போனது. மேலே இருந்த சந்தனமும் போனது. வட்டம் பளபளத்தது. “பார், முடிஞ்சுது” என்றார். ஓட்டைக்குள் இருந்ததை அவரும் பார்க்கவில்லை, எங்களையும் டார்ச் அடித்துப் பார்க்க விடவில்லை. ராணுவத்தில் அத்தனை வருஷம் வேலை பார்த்த மனுஷர், விமானத்தைக் குழந்தைக்கு மூக்குத் துடைக்கிற மாதிரி துடைத்துவிட்டுக் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்ஷனுக்கு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். பேசினது அந்த அம்மா மட்டும்தான். கண்ணாடி போட்டவர், பருத்திப் புடவை, காலில் கான்வாஸ் ஷூ. கரஸ் ஆளுயர மாலையோடு வாசலில் நின்றார். “வேண்டாங்க, வேலை முடியட்டும்” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா நேராக ஷெட்டுக்கு நடந்துவிட்டார். மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் கரஸ் அதைக் கிளார்க்கின் கழுத்தில் போட்டார். கிளார்க் அன்று மதியம் வரைக்கும் மாப்பிள்ளை மாதிரித் திரிந்தார்.

நடந்தவரைக்கும் நன்றாகத்தான் நடந்தது. அந்த அம்மா எங்களைக் கேள்வி கேட்டார், சொன்னோம். டூல் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஒவ்வொரு ஸ்பேனரும் அதனதன் பள்ளத்தில் இருந்தது. நாங்கள் ராத்திரி பகலாகப் படித்தது வீண் போகவில்லை என்று தோன்ற ஆரம்பித்த நேரத்தில், “ஸ்டேட்டிக் சிஸ்டம் லீக் டெஸ்ட் செஞ்சு காட்டுங்க” என்றார்.

நாமக்கல்லு பெட்டியைக் கொண்டுவந்து குழாயைப் பொருத்தினாள். நான் உள்ளே ஏறி மீட்டர் முன்னால் உட்கார்ந்தேன். முள்ளைப் பார்த்துச் சொல்ல வேண்டியது என் வேலை. அவள் காற்றை உறிஞ்ச ஆரம்பித்தாள். பெட்டியில் இருந்த மீட்டர் ஏறியது. என் முன்னால் இருந்த முள் ஏறவில்லை. தரையிலேயே நின்றது. மேகத்துக்கு மேலே என்னைக் கொண்டுபோகிற அந்த முள் சோளக்காட்டை விட்டு நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது.

“என்ன ரீடிங்?” என்றார் அம்மா.

“மூவ் ஆகலீங்க மேடம்.”

அவர் குழாயை எடுக்கச் சொன்னார். குனிந்து, சின்ன டார்ச்சை அடித்து ஓட்டையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மூக்கைக் கிட்டே கொண்டுபோனார்.

“இது சந்தனம்” என்றார்.

இன்ஸ்ட்ரக்டர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். அதே கைக்குட்டை. அந்த அம்மா அவரைப் பார்த்து, “பொட்டு வச்சிருக்கீங்க. இது அடைச்சிருந்தா பைலட்டுக்கு உயரம் தெரியாது. ஏறினாலும் ஏறினது தெரியாது” என்றார்.

இன்ஸ்ட்ரக்டர் கரஸைப் பார்த்தார். அப்போதுதான் கரஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்து, பொட்டு வைத்தால் வண்டி ஏறாது என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டார். நாற்பது லாரியைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்.

அந்த அம்மா கோபப்படுவார், பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார், எங்கள் வருஷங்களும் அந்தப் பைக்குள் போய்விடும் என்றுதான் நான் நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

“லாரி உயரத்தப் பார்த்து ஓடறதில்லைங்க” என்றார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். “தப்பு எல்லா இடத்திலயும் வரும். வந்தத முறையா சரி பண்ணத் தெரியுதான்னு பார்க்கத்தான் நாங்க வர்றோம். உள்ளேயிருந்து லைனைக் கழட்டுங்க. சுத்தம் பண்ணி, மாட்டி, டெஸ்ட் பண்ணி, எழுதிக் காட்டுங்க. நான் சாயங்காலம் வரைக்கும் இருக்கேன். அவசரமில்லை. ஆனா அந்த ஓட்டைய மட்டும் வெளியிலிருந்து யாரும் தொடக் கூடாது.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொன்னால் என்ன. அங்கீகாரம் இன்னும் எங்கள் கையில் இருந்தது. அது மட்டுமில்லை. அந்தப் பள்ளியில் முதல் தடவையாக ஒருவர் எங்களை யூனிஃபார்முக்குள் இருக்கிற வேலை தெரிந்தவர்களாகப் பார்த்தார். நாமக்கல்லு அதற்குள் டூல் பெட்டிப் பக்கம் பாதி தூரம் போய்விட்டாள். நான் உள்பக்கத்துத் தகட்டைக் கழற்ற உட்கார்ந்த இடத்திலிருந்து குனிந்தேன். இன்ஸ்ட்ரக்டர்கூட, பாவம், சட்டைக் கையை மடித்துவிட ஆரம்பித்தார்.

இன்று எனக்கு லைசென்ஸ் இருக்கிறது, அங்கீகாரம் இல்லாதவனாக ரெண்டு பங்குக்கும் மேலே உழைத்து வாங்கினது. என் கையெழுத்து விழுந்தால்தான் விமானம் ஓடுபாதைக்குப் போகும். அதில் கரஸுக்கு ஒரு துளி பங்கும் கிடையாது. அவருடைய பங்கு அன்றைக்கு விமானத்து ஜன்னல் வழியாக நான் பார்த்த காட்சி மட்டும்தான்.

அந்த அம்மா கூட வந்தவரிடம் ஏதோ சொல்லத் திரும்பியிருந்தார். கரஸ் எங்கள் எல்லாரையும் ஒரு முறை பார்த்தார், ஒன்றும் தெரியாத பிள்ளைகளைப் பார்க்கிற பார்வை. “ஒரு நிமிச வேலைக்குப் போயி சாயங்காலம் வரைக்குமா?” என்றார். சட்டையைத் தூக்கி, அரைஞாண் கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினார். அதை நிமிர்த்தி, விமானத்தின் விலாவில் ஒரு கையை ஊன்றி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஊக்கின் முனையை அந்த ஓட்டைக்குள் விட்டு, காது குடைகிற மாதிரி ஆற அமர ஒரு சுற்றுச் சுற்றினார்.